சதுர்த்தியன்று ஒரு வெட்டுக்கிளி

மெர்சியின் வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்பது, அவளுடைய சுண்டுவிரலைவிடக் கொஞ்சமே பெரிதான ஒரு பிராணியின் வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் ஆட்களின் வேலை வழக்கமாக மேனேஜரின் மூடில் தொங்கும், வரப்போகும் ஆர்டரில் தொங்கும், யாரோ ஒருவருடைய மச்சானின் சிபாரிசில் தொங்கும். ஒரு மூஞ்சூறின் வயிற்றில் தொங்கியது இதுதான் முதல் தடவை.

மூஞ்சூறு என்றால் நம் ஊர் அடுப்பங்கரையில் நாற்றத்தோடு ஓடுகிற சாம்பல் நிற ஆசாமி அல்ல. கஜமுகா பாஸ்பேட்ஸ் கம்பெனிக்கு உரக்கல் வருவது கிறிஸ்துமஸ் தீவிலிருந்து. சதுர்த்திக்கு முந்தின நாள் சாயங்காலம், கப்பலில் வந்த மரப்பலகை அடுக்கின்மேல் கிடந்த தார்ப்பாயை மெர்சி பிரித்தபோது, மடிப்புக்குள் கருப்புப் பழுப்பாக ஒன்று மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. வாலில் நீளநீளமாக முடி. அவள் போட்டோ எடுத்து நெட்டில் தேடினாள். அந்தத் தீவில் மட்டுமே இருந்த பூச்சி தின்னும் மூஞ்சூறு, நாற்பது வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை, அழிந்துவிட்டது என்று போன வருஷம்தான் உலகப் பட்டியலில் எழுதி மூடினார்கள் என்று வந்தது. நூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்திறங்கிய எலிகளும் அவை கொண்டுவந்த நோயும்தான் காரணமாம். கப்பலால் செத்த குலத்தில் ஒன்று கப்பலேறி கும்மிடிப்பூண்டிக்கு வந்திருக்கிறது.

போட்டோவை அவள் இரண்டு பேருக்கு அனுப்பினாள். ஒருவர் வசந்தகுமார், கோயம்புத்தூரில் சிறு பிராணிகளை ஆராய்கிறவர். இன்னொருவர் எம்.டி. சுப்பராயன். முதல் ஆளுக்கு அனுப்பியது நல்ல புத்தியால். இரண்டாவது ஆளுக்கு அனுப்பியது, மூன்று வருஷமாக நீட்டித்து நீட்டித்து இழுக்கப்பட்ட காண்ட்ராக்ட்டால்.

வசந்தகுமார் உடனே கூப்பிட்டார். "மேடம், இதுங்களுக்குப் பசி தாங்காது. ரெண்டு மூணு மணி நேரம் பூச்சி கிடைக்கலைன்னா செத்துடும். விடாம குடுத்துக்கிட்டே இருங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள வந்துடறேன். தயவுசெஞ்சு யாருக்கும் காட்டாதீங்க."

"சரி சார்" என்றாள். காட்டி முடித்திருந்தாள்.

சுப்பராயன் தொழிலதிபர் என்பது விசிட்டிங் கார்டில் மூன்றாவது வரியில்தான் இருக்கும். முதல் வரி 'விநாயக சேவா ரத்னா'. அவரே நிறுவிய அறக்கட்டளை அவருக்கே வழங்கிய பட்டம். கம்பெனியின் முதலுதவி அறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே மயங்கி விழ வேண்டும். வாசலில் இருந்த பிள்ளையார் கோயிலில் கல்யாணம் நடத்தலாம். அவர் போட்டோவைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உலகமே இல்லேன்னு சொன்ன வாகனம், ஓனரைத் தேடி நம்ம கோடவுனுக்கு வந்திருக்கு. நாளைக்கு சங்கடஹர சதுர்த்தி வேற. விழா எடுக்கறோம். அது உயிரோட மேடையில இருந்தா, மெர்சி, நீ பர்மனென்ட்."

மரப்பலகைகளுக்குள் கப்பல் கரப்பான்கள் இருந்தன. அன்று இரவு அது பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டவை அவைதான். ஆனால் காலையில் மெர்சி முகம் கழுவப் போன நேரத்தில், ஹெச்.ஆர். மேனேஜர் மணவாளன் சீப் கெஸ்ட் வருகையை முன்னிட்டுப் பூச்சி மருந்து அடிக்கும் ஆட்களை வரவழைத்து கோடவுன் முழுக்கப் புகை போட்டுவிட்டார். பிராணியை மட்டும் முன்யோசனையாக வெளியே எடுத்திருந்தார். அதன் சாப்பாடு மொத்தமும் தரையில் மல்லாந்து கிடந்தது.

"பார்த்தியாம்மா? ஜீரோ பெஸ்ட். ஒரு பூச்சி காட்டு, என் பேரை மாத்திக்கறேன்" என்றார் மணவாளன்.

லோடிங் பகுதியில் மேடை எழும்பியிருந்தது. 'மீண்டு வந்த மூஷிகம்' என்று பேனர். அதில் சுப்பராயன் ஆளுயரத்துக்கு, மூஞ்சூறு அவர் மோதிரத்தின் அளவுக்கு. எம்.டி. அறையிலிருந்த மீன் தொட்டியைக் கொண்டுவந்து, மீன்களை பக்கெட்டுக்கு இடம் மாற்றிவிட்டு, அதற்குள் சிவப்புப் பட்டு விரித்திருந்தார்கள். பட்டின்மேல் ஒரு வெள்ளித்தட்டு. தட்டில் குவியலாகக் கொழுக்கட்டை. குவியலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அந்தச் சிறு ஜீவன் ஓடியது, மூக்கால் முட்டியது, திரும்ப ஓடியது. ஒரு கொழுக்கட்டையே அதைவிடப் பெரிதாக இருந்தது.

மெர்சி தொட்டியின் பக்கத்தில் குனிந்தாள். அதன் விலா எலும்பு தோலுக்கடியில் படபடவென்று அடித்தது.

"சார், அது மாவு தின்னாது சார். பூச்சிதான் தின்னும். இப்பவே குடுக்கலைன்னா போயிடும்."

சுப்பராயன் புன்னகைத்தார். அறியாதவர்களுக்கென்றே அவர் தனியாக ஒரு புன்னகை வைத்திருந்தார். "உனக்குத் தெரியாதும்மா. நீங்க வேற." வேற என்ன என்று அவர் சொல்லவில்லை; மெர்சி என்ற பெயர் மிச்சத்தைச் சொல்லிவிட்டது. "கொழுக்கட்டைதான் அதுக்கு ஆகாரம். இன்னைக்குக் கேன்டீன்ல முட்டை கூடக் கிடையாது. சதுர்த்தியும் அதுவுமா பகவானோட வாகனத்துக்குக் கவிச்சி போடச் சொல்றியா?"

"நேத்தி ராத்திரி பூரா கரப்பான்தான் சார் தின்னுச்சு."

சுப்பராயன் காதைப் பொத்திக்கொண்டார். மணவாளன் குறுக்கே வந்தார். "மேடம், ப்ரோட்டோகால்னு ஒண்ணு இருக்கு. மெனு, எம்.டி. அப்ரூவ் பண்ணது. நீங்க தொட்டி பக்கத்துல நில்லுங்க, சிரிச்ச முகமா. அதான் உங்க ட்யூட்டி."

மெர்சி சிரித்த முகமாக இரண்டு நிமிடம் நின்றாள். மூஞ்சூறு ஓடுவதை நிறுத்தி, பட்டின்மேல் வயிற்றைப் போட்டுப் படுத்தது. மணவாளன் மைக் டெஸ்ட் செய்யத் திரும்பியதும் அவள் கேன்டீனுக்கு ஓடினாள்.

"கங்கம்மாக்கா, கரப்பான் இருக்குதா?"

கங்கம்மா கரண்டியை ஓங்கினாள். "இன்னாடி கேட்ட? எங்க கேன்டீன்லயா? போன மாசம்தான் சுத்தத்துக்கு சர்ட்டிபிகேட்டு குடுத்து மாட்டிக்கினு போனாங்க. மூஞ்சியப் பாரு." சொல்லிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் குரலை இறக்கினாள். "சிலிண்டர் பின்னால குடும்பம் குட்டியோட குடியிருக்குதுங்க. எதுக்கு கேக்கற?"

"அந்த மூஞ்சூறுக்கு. பசியில சாவுது."

"அய்யய்யே. அத்த குடுக்காத. இந்த வாரம்தான் மருந்து ஜெல்லு வெச்சிட்டு போனானுங்க. எல்லாம் கிறுகிறுத்துக்கினு சுத்துதுங்க. அத்த தின்னா இதுவும் சுத்தும்."

ஒரு தொழிற்சாலை நிறையச் சுத்தம். எங்கு திரும்பினாலும் சான்றிதழ் தொங்கியது. அந்தச் சுத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு உயிர், தின்ன ஒரு புழு இல்லாமல் செத்துக்கொண்டிருந்தது.

"பின்னாடி செவுத்துக்கு அந்தாண்ட புல்லுக் காடு இருக்குதே" என்றாள் கங்கம்மா. "தத்துப்பூச்சி, வெட்டுக்கிளி எல்லாம் கெடைக்கும். ஆனா கேட்ட சாத்திட்டாங்களே."

கேட்டில் செக்யூரிட்டி கோபால் புது பெல்ட் போட்டு விறைப்பாக நின்றிருந்தார். "வுட முடியாதும்மா. சீப் கெஸ்ட் வண்டி டோல்கேட் தாண்டிருச்சாம். உள்ள இருக்கறவன் உள்ள, வெளிய இருக்கறவன் வெளிய. மணவாளன் சார் ஆர்டரு. மீறிப் போனா ஓடிப்போயிட்டான்னு எழுதச் சொல்லிக்கிறாரு."

"எழுதிக்கோண்ணா."

"பைத்தியமா உனக்கு? இன்னிக்கு பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிக்கினு இருக்காங்க, இன்னிக்குன்னு பாத்து ஓடறியா?"

"அது செத்தா எங்கருந்துண்ணா பர்மனென்ட்?"

கோபால் அவளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுக்கு வருது" என்று பொதுவாக அறிவித்துவிட்டு நகர்ந்தார். கேட்டின் சின்னக் கதவில் பூட்டு இல்லை.

சுவருக்குப் பின்னால், வரப்போகும் ஏதோ ஆலைக்காகக் காத்துக் கிடந்த தரிசில் புல் இடுப்பளவு நின்றது. இரும்பு உருக்கும் ஆலையின் புகை அதன்மேல் படிந்து, தொட்டால் கை கருத்தது. மெர்சி துப்பட்டாவை விரித்து வீசினாள். ஒன்றும் இல்லை. திரும்ப வீசினாள். பச்சையாக ஒன்று தாவி அவள் தோளில் உட்கார்ந்து, பிடிக்கப் போனதும் காணாமல் போனது. சின்ன வயதில் இவற்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்தவள்தான். இப்போது விரலுக்கு அந்தப் பழக்கம் மறந்திருந்தது. மூன்றாவது வீச்சில் இரண்டு சிக்கின. போட்டுவைக்க எதுவும் இல்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை உறையிலிருந்து உருவிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வெட்டுக்கிளிகளை விட்டு விரலால் வாயை மூடினாள். முட்டிபோட்டு புல்லின் அடியைத் துழாவினாள். இன்னும் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. தூரத்தில் பேண்டு வாத்தியம் கிளம்பியது. சீப் கெஸ்ட் வந்துவிட்டார்.

அவள் கேட்டுக்கு வந்தபோது பெரிய கதவு திறந்து, வெள்ளைக் கார் நுழைந்துகொண்டிருந்தது. காரின் அந்தப் பக்கமாகக் குனிந்து கூடவே ஓடி உள்ளே போனாள். கோபால் காருக்கு சல்யூட் வைத்தார். சல்யூட் அடித்த கையே அவளை "போ, போ" என்று விரட்டியது.

சீப் கெஸ்ட் ஏதோ ஒரு தொழில் சங்கத்தின் தலைவர். மாலை போட்டால் கழற்றாமல் இருப்பவர். மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, அவர் சுப்பராயனுக்குப் போர்த்தி, இரண்டு பேரும் சேர்ந்து மணவாளனுக்குப் போர்த்தினார்கள். குருக்கள் தொட்டியின் முன் கற்பூரம் காட்டினார். புகை கண்ணாடிக்குள் வழிந்து இறங்கியது. மணவாளன் மைக்கைப் பிடித்தார். "சுந்தரமான இந்தத் தருணத்தில், வாகனமானது ஆழ்ந்த தியானத்தில் இருப்பதை நீங்கள் காணலாம்!"

மூஞ்சூறு ஒருக்களித்துக் கிடந்தது. கால்கள் நீட்டியிருந்தன.

மெர்சி படியேறினாள். முட்டியெல்லாம் கரி, தலையில் புல். குருக்கள் திகைத்து ஒதுங்க, அவள் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு வெட்டுக்கிளியை அதன் மூக்கின் முன் வைத்தாள். வெட்டுக்கிளி ஒரே தாவலில் கொழுக்கட்டைக் குவியலின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "யாரும்மா அது! எடு, எடு அதை!" என்றார் சுப்பராயன், மைக்குக்குக் கேட்காத குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொன்றை எடுத்து, கால்களைக் கிள்ளிப்போட்டு, வயிற்றை நசுக்கி, கசிந்த ஈரத்தை அந்தக் கூர்மூக்கில் தடவினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் தடவினாள். மணவாளன் அவளை இழுக்க வந்தவர், கையிலிருந்த மைக்கோடு தொட்டியின் மேல் குனிந்தார்.

மூக்கு நடுங்கியது. மீசை அசைந்தது. பிறகு அந்த வாய் திறந்து வெட்டுக்கிளியைக் கவ்வியது.

கரக், கரக், கரக்.

மைக் வழியாக அந்தச் சத்தம் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. பேண்டு நின்றது. சதுர்த்தி விரதத்தில் இருந்த சீப் கெஸ்ட் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். கூட்டம் சுப்பராயனின் முகத்தைப் பார்த்தது. அவர் பட்டம் வாங்கியவர், சும்மா இல்லை. ஒரு கணம் திணறினார். பச்சை நிறத்தைப் பார்த்தார். மைக்கைப் பிடுங்கினார்.

"நிவேதனம் ஆச்சு! பச்சைக் கொழுக்கட்டையை வாகனம் ஏத்துக்கிடுச்சு!"

கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. மெர்சி அடுத்ததை வைத்தாள், அதற்கடுத்ததையும். மூஞ்சூறு எழுந்து உட்கார்ந்தது. சுப்பராயன் உருகிப்போய்விட்டார். "இந்த நிமிஷத்திலேர்ந்து மெர்சி பர்மனென்ட்! டெசிக்னேஷன்... மணவாளன்?"

"மூஷிக சேவா எக்ஸிகியூட்டிவ், சார்."

"இது எங்கயும் போகாது. இங்கயே கண்ணாடிக் கோயில் கட்டறோம். ஏ.சி. போடறோம். நித்தியப்படி மூணு வேளை பூஜை, மேளம்!"

மூன்று வருஷம் காத்திருந்த சொல் காதில் விழுந்தும், மெர்சிக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று வேளை கற்பூரப் புகை, மேளம், வெள்ளித்தட்டு. அவள் தொட்டியைப் பார்த்தாள். கரக் கரக் என்று தின்றுகொண்டிருந்த அது, பேண்டு மறுபடி கிளம்பியதும் வெலவெலத்து பட்டின் மடிப்புக்குள் தலையை நுழைத்தது.

எல்லோரும் பந்திக்கு எழுந்தார்கள். வாகனம் ஓய்வெடுக்கட்டும் என்று சுப்பராயன் தொட்டிமேல் ஒரு மஞ்சள் பட்டைப் போர்த்தச் சொன்னார். அப்போது போன் அடித்தது.

"மேடம், வசந்தகுமார். கேட்ல நிக்கறேன். அழைப்பிதழ் இல்லாம விடமாட்டேங்கறாங்க. உயிரோட இருக்கா?"

"இருக்குது சார். ஆனா இவுங்க குடுக்கமாட்டாங்க. கோயில் கட்டப் போறாங்களாம்."

"ஃபாரஸ்ட் ஆர்டரோட வரலாம். நாளைக்கு ஆயிடும்."

"நாளைக்கு இது இருக்காது சார்."

"நான் உங்களை எதுவும் செய்யச் சொல்லக்கூடாது" என்றார் அவர். சொல்லாமல் லைனிலேயே இருந்தார்.

பந்தியிலிருந்து பாயசத்தின் மணம் வந்தது. மணவாளனின் சிரிப்புச் சத்தமும். இதைத் தொடாமல் நின்றால் நாளையிலிருந்து அவளுக்கு பி.எஃப். உண்டு, யூனிஃபார்ம் உண்டு, டெசிக்னேஷன் உண்டு. இது செத்தால்கூட, பகவான் அழைத்துக்கொண்டார் என்று ஒரு சமாதி கட்டி, அதற்கும் ஒரு எக்ஸிகியூட்டிவ் வேண்டியிருக்கும். மெர்சி பட்டுக்கடியில் கையை விட்டாள். உள்ளங்கையில் அது ஒன்றுமே இல்லாத எடையாக, சூடாகத் துடித்தது.

கேன்டீனின் பின்கதவில் கங்கம்மா ஊறுகாய் டப்பாவின் மூடியில் கத்தியால் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. "சீக்கிரம் போ, நீ அப்பளம் பொரிக்கறதா சொல்லிக்கிறேன்" என்றாள், யாரும் கேட்காத கேள்விக்கு.

மெர்சி போனில் சொன்னபடி, பின்சுவரில் டப்பா மட்டுமே நுழையும் ஓட்டைக்கு அந்தப் பக்கம் வசந்தகுமார் வந்து நின்றிருந்தார். டப்பாவைத் திறந்து பார்த்தார். வாலின் நீண்ட முடியைப் பார்த்ததும் மூடியை மெல்லத் திரும்பப் போட்டார்.

"அதுதானா சார்?"

"டெஸ்ட் பண்ணாம சொல்லக்கூடாது" என்றார், சொல்லிவிட்டவரின் குரலில். உறையில் மிச்சமிருந்த வெட்டுக்கிளிகளை அவரிடம் கொட்டிவிட்டு மெர்சி மேடைக்குத் திரும்பினாள். ஓடிப்போய்விடலாம் என்று கால் சொன்னது. காலியான தொட்டிக்காக கோபாலையும் கங்கம்மாவையும் கேள்வி கேட்பார்கள் என்பதால் திரும்பினாள்.

பந்தி முடிந்து, பத்திரிகைக்காரர்களுக்காக சுப்பராயன் மஞ்சள் பட்டை விலக்கினார்.

வெள்ளித்தட்டு. கொழுக்கட்டைக் குவியல். உச்சியில் தப்பித்த வெட்டுக்கிளி.

கேமராக்கள் இறங்கின. சுப்பராயனின் காதுமடல் சிவந்தது. மெர்சி முன்னால் வந்து வாயைத் திறந்தாள். ஆனால் இருபது வருஷம் ஹெச்.ஆரில் குப்பை கொட்டியவர் அவளை முந்திக்கொண்டார்.

"அந்தர்தானம்!" என்று கத்தினார் மணவாளன். "நிவேதனத்தை ஏத்துக்கிட்டு, ஐயன் வாகனம் அந்தர்தானம் ஆயிடுச்சு!"

முதலில் குருக்கள் கும்பிட்டார். பிறகு முன்வரிசை. பேண்டு தானாகவே ஆரம்பித்தது.

"சார், நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் மெர்சி. சத்தமாகவே சொன்னாள்.

சுப்பராயனுக்குக் கேட்டது. அவர் கண்கள் அவள்மேல் ஒரு கணம் நின்றன. ஒரு பக்கம் திருட்டுப்போன பிராணி, இன்னொரு பக்கம் எதிரே மண்டியிட்டிருக்கும் கூட்டம். இரண்டையும் அவர் நிறுத்துப் பார்த்தது வெளிப்படையாகவே தெரிந்தது. "பொண்ணு பரவசத்துல பேசுது" என்றார் மைக்கில். "ஓரமா உக்கார வைங்க."

ஓரமாக உட்கார வைத்தவர் மணவாளன். காதோரம் குனிந்து சொன்னார். "சேவா எக்ஸிகியூட்டிவ் போஸ்ட் கேன்சல்மா. ஊட்டறதுக்கு வாய் இல்லியே. அப்புறம் ட்யூட்டி நேரத்துல வெளிய போனதா ரிப்போர்ட் இருக்கு. காண்ட்ராக்ட் இன்னையோட முடிச்சிக்கலாம். வடை பாயசம் சாப்ட்டுட்டுப் போ."

அவள் சாப்பிடவில்லை. கணக்கை முடித்துக் கொடுக்கவே இரண்டு மணி நேரம் ஆக்கினார்கள். கேட்டைத் தாண்டும்போது போன் அலறியது.

"மேடம்!" வசந்தகுமாரின் பின்னால் லாரி ஹாரன்கள். "கவரைப்பேட்டை பக்கம் டிராபிக்ல மாட்டிக்கிட்டோம். நான் கொண்டுவந்த புழுவ அது தொடவே இல்ல. நீங்க குடுத்தது எல்லாம் தீந்துடுச்சு. டப்பாவுக்குள்ள முட்டிக்கிட்டே இருக்கு. இப்ப ஓடறதையும் நிறுத்திடுச்சு."

மெர்சி நடந்துகொண்டே கத்தினாள். "எறங்குங்க சார் வண்டியவுட்டு. ரோட்டோரம் புல்லு இருக்குதா?"

"இருக்கு. சேறா இருக்கு."

"சேத்த பாக்காதீங்க. சட்டையக் கழட்டுங்க. விரிச்சு புல்லு மேல வீசுங்க. வீசிட்டு உடனே மடக்கணும்."

செருப்புச் சத்தம், தண்ணீர்ச் சத்தம், ஒரு படித்த மனிதர் படிக்காத வார்த்தை ஒன்றைச் சொல்லும் சத்தம். "போயிடுச்சு."

"இன்னொருவாட்டி. தாழ்த்தி வீசுங்க சார். நான் லைன்ல இருக்கேன்."

அவள் சாலையோரம் நின்றுவிட்டாள். ஆலைப் பேருந்து ஒன்று அவளைப் பார்த்து வேகம் குறைத்து, அவள் கையசைக்காததால் போய்விட்டது. போனில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. டப்பா மூடி திறக்கும் சத்தம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

"சார்? இன்னா ஆச்சு சார்?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சார்!"

"தலையிலேர்ந்து தின்ன ஆரம்பிச்சிருக்கு" என்றார் வசந்தகுமார், மிக மெதுவாக, பக்கத்தில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பது போல.